சர்க்கரைக் கிண்ணம்: ஒரு நகரம் வைத்த புத்தாண்டு விருந்து

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆறு வளைந்து செல்லும் இடத்தில் இருக்கிறது நியூ ஆர்லியன்ஸ். ஜாஸ் இசை, காரசாரமான கடலுணவு, மார்டி கிரா ஊர்வலம் என்று இந்நகரைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருப்போம். அங்கு ஒவ்வொரு புத்தாண்டையொட்டியும் ஒரு காற்பந்தாட்டம் நடக்கிறது. அதன் பெயர் 'சுகர் பவுல்', அதாவது சர்க்கரைக் கிண்ணம். 1935இல் தொடங்கிய அந்த ஆட்டம் 90 ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

இதில் ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள். நம்மூரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் மோதினால் நண்பர்களும் உறவினர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கே 70,000 பேர் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வருகிறார்கள். தங்கும் விடுதிகள் நிரம்பி வழிகின்றன.

நான் இந்த ஆட்டத்தின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, வெற்றி தோல்விகளைவிட வேறொன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. வெளியூர் விருந்தாளிகளை வரவழைப்பதற்கென்றே ஒரு நகரம் உருவாக்கிய ஆட்டம் இது. ஆனால் யாரை விருந்தாளியாக ஏற்பது என்ற கேள்வியில் அதே நகரம் பல ஆண்டுகள் தடுமாறியது.

கிண்ணம் வந்த கதை

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் காற்பந்து நமக்குப் பழக்கமான காற்பந்து அன்று. இரு முனையும் கூரான நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், வீசலாம். அணிக்கு 11 பேர். திடலின் நீளம் 100 கஜம். பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோனால் 6 புள்ளிகள். நான்கு முயற்சிக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

கல்லூரிப் பருவம் நவம்பர் இறுதியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். அதன் பிறகு, சிறப்பாக ஆடிய அணிகளை வெயில் காயும் ஏதாவது ஒரு நகரத்துக்கு அழைத்து ஒரே ஓர் ஆட்டம் ஆடவைப்பது வழக்கமானது. கலிஃபோர்னியாவின் பசடீனா நகரம் 1902இல் இதைத் தொடங்கிவைத்தது. பின்னர் அங்கே கிண்ண வடிவில் கட்டிய விளையாட்டரங்கின் பெயரால் 'ரோஸ் பவுல்' என்ற பெயர் நிலைத்தது. அதைப் பார்த்து மற்ற நகரங்களும் தங்கள் ஊரில் விளைவதன் பெயரோடு 'பவுல்' என்று சேர்த்துக்கொண்டன. மயாமிக்கு ஆரஞ்சு, டாலசுக்குப் பருத்தி, நியூ ஆர்லியன்சுக்குச் சர்க்கரை.

நியூ ஆர்லியன்சில் இந்த யோசனையை 1927இலேயே முன்வைத்தவர் 'நியூ ஆர்லியன்ஸ் ஐட்டம்' நாளிதழின் வெளியீட்டாளர் ஜேம்ஸ் தாம்சன். அந்த நாளிதழின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் ஃபிரெட் டிக்பி விடாமல் எழுதி எழுதி அதற்கு ஆதரவு திரட்டினார். சுகர் பவுல் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பொருளாதார மந்தத்தில் நாடே திணறிக்கொண்டிருந்த 1934இல் உள்ளூர்ப் பிரமுகர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். குளிர்காலத்தில் ஊருக்குச் சுற்றுப்பயணிகளை வரவழைப்பதே அவர்களது நோக்கம்.

அந்தப் பெயருக்கு ஓர் ஆழமான காரணமும் உண்டு. ஆட்டம் நடந்த டுலேன் பல்கலைக்கழக அரங்கம் இருந்த நிலம், ஒரு காலத்தில் எட்டியேன் டி போரே என்பவரின் கரும்புத் தோட்டத்தைச் சேர்ந்தது. 1795இல் லூசியானாவில் முதன்முதலாக வணிக அளவில் சர்க்கரையைப் படிகமாக்கிக் காட்டியவர் அவர். அந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டியவர்களும் சாறு காய்ச்சியவர்களும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரப்பிள்ளைகள் அதே மண்ணில் எழுந்த அரங்கில் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் பின்னாளில் சட்டம் தீர்மானித்தது.

முதல் ஆட்டம் 1935 ஜனவரி 1ஆம் தேதி நடந்தது. உள்ளூர் டுலேன் அணியும் வடக்கே பென்சில்வேனியாவிலிருந்து வந்த டெம்பிள் அணியும் மோதின. 14-0 என்று பின்தங்கியிருந்த டுலேன், 20-14 என்று வென்றது. பார்க்க வந்தவர்கள் சுமார் 22,000 பேர். வென்ற அணிக்கு உள்ளூர்ப் பழம்பொருள் வணிகர் ஒருவர் வழங்கிய வெள்ளிப் பாத்திரம் பரிசாகக் கிடைத்தது. அது நான்காம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் லண்டனில் செய்யப்பட்ட, திராட்சை மதுவைக் குளிர்விக்கும் பாத்திரம்.

அடுத்த ஆண்டே மழை ஆட்டத்தைக் கெடுத்தது. சேற்றில் வழுக்கி விழுந்து ஆடிய டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக அணி, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 3-2 என்று வென்றது. 1942இல் மீண்டும் மழை. ஃபோர்டாம் அணி மிசூரியை வென்றது 2-0 என்ற கணக்கில். வெயிலைக் காட்டி விருந்தாளிகளை அழைத்த நகரத்தை வானம் சில நேரம் கேலி செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் கூட்டம் பெருகியது. டுலேன் அரங்கம் பலமுறை விரிவாக்கப்பட்டு 80,000 பேர் அமரும் அளவுக்கு வளர்ந்தது.

1956: ஒரே ஒரு கறுப்பின ஆட்டக்காரர்

இந்த வரலாற்றில் நான் மீண்டும் மீண்டும் படித்த பக்கம் 1956 ஜனவரி 2ஆம் தேதி நடந்த ஆட்டம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக் அணியும் அழைக்கப்பட்டிருந்தன. பிட்ஸ்பர்க் அணியில் பாபி கிரியர் என்ற மாணவர் இருந்தார். அவர் கறுப்பினத்தவர். அதுவரை சுகர் பவுலில் கறுப்பின ஆட்டக்காரர் எவரும் களமிறங்கியதில்லை.

1955 டிசம்பர் 1ஆம் தேதி, அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். மறுநாளே, பக்கத்து ஜார்ஜியா மாநிலத்தின் ஆளுநர் மார்வின் கிரிஃபின் தம் மாநிலத்துப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்குத் தந்தி கொடுத்தார். எதிரணியில் கறுப்பினத்தவர் இருந்தாலோ, பார்வையாளர்கள் இனம் பிரிக்கப்படாமல் அமர்ந்தாலோ நம் அணிகள் அங்கே ஆடக்கூடாது என்பது அவரது கோரிக்கை.

ஜார்ஜியா டெக் மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். சுமார் 2,000 பேர் அட்லாண்டா வீதிகளில் திரண்டு, ஆளுநரின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டு எரித்து, அவரது மாளிகை வரை போனார்கள். அவர்கள் எல்லாரும் இன சமத்துவத்துக்காக நடந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலருக்கு ஆட்டம் வேண்டும், அவ்வளவுதான். அவர்களுடைய கல்லூரியே 1961 வரை ஒரு கறுப்பின மாணவரைக்கூடச் சேர்த்ததில்லை. ஆனாலும் ஆட்சிக்குழு இறங்கிவந்தது. அணி செல்ல அனுமதி கிடைத்தது.

பிட்ஸ்பர்க் தரப்பு தொடக்கத்திலிருந்தே உறுதியாக நின்றது. கிரியர் இல்லையென்றால் ஆட்டமும் இல்லை என்று அணித்தோழர்கள் சொன்னார்கள். தங்களுக்கு ஒதுக்கப்பட்ட இருக்கைகளில் இனப் பிரிவினை இருக்கக்கூடாது என்றும் பல்கலைக்கழகம் நிபந்தனை விதித்தது, ஏற்பாட்டாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே திருப்பம் வந்தது. ஜார்ஜியா டெக் வீசிய பந்தைப் பிடிக்க ஓடியவரைக் கிரியர் தடுத்துவிட்டார் என்று நடுவர் தவறு கொடுத்தார். பந்து எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் வைக்கப்பட்டது. அடுத்து ஜார்ஜியா டெக் புள்ளி எடுத்தது. கடைசி வரை வேறு புள்ளியே இல்லை, 7-0. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று பல்லாண்டுகள் வாதம் நடந்தது. தள்ளப்பட்டது தாம்தான் என்று கிரியர் கடைசிவரை சொல்லிவந்தார். அன்றைய ஆட்டத்தில் பந்தோடு ஓடி அதிகத் தூரம் முன்னேறியவரும் அவரே.

ஆட்டத்துக்குப் பிறகு வழக்கமாக நடக்கும் விருந்தில் கிரியரும் கலந்துகொண்டார். அன்றைய நியூ ஆர்லியன்சில் ஒரு கறுப்பின இளைஞர் வெள்ளையரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது, களத்தில் ஆடியதற்குக் குறையாத செய்தி.

கதவை மூடிய சட்டம்

கதை இங்கே இனிதே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஆறே மாதத்தில், 1956 ஜூலையில், லூசியானா சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வெவ்வேறு இனத்தவர் ஒன்றாக விளையாடக்கூடாது; பார்வையாளர்களும் தனித்தனியே அமர வேண்டும். ஆளுநர் ஏர்ல் லாங் அதில் கையெழுத்திட்டார்.

இதன் விளைவை அறிய ஆட்டப் பட்டியலைப் பார்த்தாலே போதும். 1957 முதல் 1964 வரை நடந்த 8 சுகர் பவுல்களில் 16 இடங்கள். அத்தனையிலும் தென்மாநில அணிகள். பக்கத்து மாநிலமான மிசிசிப்பியின் பல்கலைக்கழகம் மட்டும் 5 முறை வந்தது. முதல் ஆட்டத்துக்கே பென்சில்வேனியாவிலிருந்து விருந்தாளியை அழைத்த நகரம், இப்போது அக்கம்பக்கத்து வீட்டாரையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்களைக் கொண்ட வடக்கத்திய அணிகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

சட்டத்தை உடைத்தவர் ஒரு குத்துச்சண்டை வீரர். நியூ ஆர்லியன்சைச் சேர்ந்த ஜோசப் டார்சி என்ற கறுப்பினத்தவர், வெள்ளையரோடு மோத அனுமதி மறுக்கும் விதியை எதிர்த்து நீதிமன்றம் போனார். விளையாட்டில் இனத்தடை செல்லாது என்ற தீர்ப்பை 1959இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 1964இல் குடியுரிமைச் சட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1965 ஜனவரி 1ஆம் தேதி, கறுப்பின ஆட்டக்காரர்களோடு நியூயார்க் மாநிலத்திலிருந்து சிரக்கியூஸ் அணி சுகர் பவுலுக்கு வந்தது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 13-10 என்று தோற்றது. ஆனால் கதவு திறந்தது.

சட்டம் மாறிய வேகத்தில் ஊர் மாறவில்லை. அதே மாதம், அதே டுலேன் அரங்கில், தொழில்முறைக் காற்பந்து லீக் ஒன்றின் நட்சத்திர ஆட்டம் நடக்க இருந்தது. வந்திறங்கிய கறுப்பின ஆட்டக்காரர்களை வாடகை வண்டிகள் ஏற்ற மறுத்தன. கேளிக்கை விடுதிகள் உள்ளே விடவில்லை. 21 ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடி, இங்கே ஆடமாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். ஆட்டம் சில நாள்களில் ஹியூஸ்டனுக்கு மாறியது. தங்கள் நகரத்துக்கென்று ஒரு தொழில்முறை அணியைப் பெற அப்போது நியூ ஆர்லியன்ஸ் பெரிதும் முயன்றுகொண்டிருந்தது. விருந்தாளியை அவமதித்தால் வியாபாரமும் போகும் என்பதை ஊர்ப் பெரியவர்கள் அன்று நேரில் கண்டார்கள்.

அதே அரங்கம், வேறு கூட்டம்

சுகர் பவுலைப் போல இந்நகரில் ஆண்டுதோறும் நடக்கும் இன்னோர் ஆட்டம் 'பேயூ கிளாசிக்'. கிராம்பிளிங், சதர்ன் என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் இதில் மோதுகின்றன. இரண்டும் லூசியானாவில் கறுப்பின மாணவர்களுக்கென்று தோன்றியவை. முறைப்படி இது பவுல் ஆட்டம் இல்லை; நவம்பர் இறுதியில், நன்றி நவிலும் நாளையொட்டி வரும் சனிக்கிழமை நடக்கும் வழக்கமான பருவ ஆட்டம்தான். ஆனால் இந்நகரத்தின் பவுல் கதையை இதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை.

1974இல் டுலேன் அரங்கில் பேயூ கிளாசிக் என்ற பெயரில் இரு அணிகளும் மோதியபோது 76,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். ஒருகாலத்தில் கறுப்பினத்தவருக்கு ஓர் ஓரத்தைக் காட்டிய அதே அரங்கில் அன்று எல்லா மாடங்களிலும் அவர்களே நிறைந்திருந்தார்கள். குடும்பங்கள் நல்ல உடை உடுத்தி, பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து வருகிற நாளாக அது வளர்ந்தது. இரண்டு பல்கலைக்கழக இசைக்குழுக்களின் போட்டிக்காகவே வருபவர்கள் பலர். ஊதுகுழல்களும் முரசுகளும் முழங்க, அணிவகுத்து ஆடியபடி இசைக்கும் அந்தக் குழுக்களின் முறை வரும்போது இருக்கையை விட்டு எழுந்து போகிறவர் குறைவு.

1975இல் சூப்பர்டோம் திறக்கப்பட்டது. 80 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள கூரையின் கீழ் இனி மழைக்கு வேலையில்லை. சுகர் பவுலும் பேயூ கிளாசிக்கும் அங்கே குடியேறின. டுலேன் அரங்கம் சில ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. 2001இல் சிறிய அணிகளுக்காக 'நியூ ஆர்லியன்ஸ் பவுல்' என்ற இன்னோர் ஆட்டமும் சேர்ந்துகொண்டது.

கூரையைப் பிய்த்த புயல்

2005 ஆகஸ்டு 29ஆம் தேதி கத்ரீனா புயல் தாக்கியது. வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து நகரத்தின் 80 விழுக்காட்டுப் பகுதி நீரில் மூழ்கியது. ஊரைவிட்டு வெளியேற வண்டியோ பணமோ இல்லாத பல்லாயிரம் பேர் சூப்பர்டோமில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினத்தவர். கூரையின் ஒரு பகுதி பிய்ந்தது; மின்சாரம் போனது; கழிவறைகள் நிரம்பி வழிந்தன. விருந்தாளிகளுக்காகக் கட்டிய மாளிகையில் சொந்த ஊர் மக்கள் நாள்கணக்கில் தவித்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

அந்த ஆண்டு ஆட்டங்களும் அகதிகளாயின. நியூ ஆர்லியன்ஸ் பவுல் லஃபாயெட் நகரத்துக்கும், பேயூ கிளாசிக் ஹியூஸ்டனுக்கும், சுகர் பவுல் அட்லாண்டாவுக்கும் போயின. 2006 ஜனவரி 2ஆம் தேதி அட்லாண்டாவில் நடந்த ஆட்டத்தில் மேற்கு வர்ஜீனியா அணி ஜார்ஜியாவை 38-35 என்று வென்றது. ஓராண்டு கழித்து, பழுதுபார்த்த சூப்பர்டோமுக்குச் சுகர் பவுல் திரும்பியது. சொந்த மாநிலத்து லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் நோட்டர் டேமை 41-14 என்று வீழ்த்தியது. வீடுகள் இன்னும் பாழடைந்து கிடந்த நகரத்தில் ஓர் ஆட்டத்துக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சுற்றுப்பயணிகளை நம்பி வாழும் ஊரில், விடுதிப் பணியாளருக்கும் சமையற்காரருக்கும் தெருவோர இசைக்கலைஞருக்கும் விருந்தாளி வருவதே சம்பளம் வருவது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2025 புத்தாண்டு

நியூ ஆர்லியன்ஸ் குளிர்காலத்தில் நம்மைவிட 14 மணி நேரம் பின்னால் இருக்கிறது. 2025 ஜனவரி 1ஆம் தேதி அங்கே இரவு 7.45க்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் நமக்கு மறுநாள் காலை 9.45. ஜார்ஜியாவும் நோட்டர் டேமும் மோதவிருந்த அந்த ஆட்டத்தைப் பார்க்க நான் காத்திருந்தேன். அதற்கு முன்பே வேறு செய்தி வந்துவிட்டது. புத்தாண்டு அதிகாலையில், கொண்டாட்டக் கூட்டம் நிறைந்த போர்பன் வீதியில் ஒருவன் வேண்டுமென்றே வாகனத்தை ஓட்டி மக்கள்மீது மோதியிருந்தான். 14 பேர் உயிரிழந்தார்கள், பலர் காயமடைந்தார்கள்.

ஆட்டம் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டு, ஜனவரி 2ஆம் தேதி பிற்பகலில் பலத்த பாதுகாப்போடு நடந்தது. பலர் ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் மௌன அஞ்சலி செலுத்திவிட்டு ஆட்டத்தைப் பார்த்தார்கள். நோட்டர் டேம் 23-10 என்று வென்றது. வீதியில் வாகனங்களைத் தடுக்கும் கம்பங்கள் அப்போது மாற்றப்பட்டுக்கொண்டிருந்தன என்ற விவரம் வெளியானதும், அழைத்த விருந்தாளியைக் காப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. இன்றும் அந்நகரம் அதற்குப் பதில் சொல்லவேண்டிய நிலையில்தான் இருக்கிறது.

இனி என்ன?

இப்போது அமெரிக்கா முழுவதும் 40க்கும் மேற்பட்ட பவுல் ஆட்டங்கள் நடக்கின்றன. பெரிய காப்புறுதி நிறுவனங்களின் பெயர்கள் ஆட்டங்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. பல பத்தாண்டுகளாக, தொலைக்காட்சியும் பயிற்றுநர்களும் கோடிக்கணக்கில் சம்பாதித்தபோது, ஆடும் மாணவருக்குக் கிடைத்தது கல்வி உதவித்தொகைதான். 2021 முதல் அவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். கரும்பை வெட்டியவருக்கும் சர்க்கரையில் பங்கு வேண்டும் என்ற பழைய நியாயம் இங்கே மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது.

வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்க 12 அணிகள் மோதும் புதிய சுற்று முறையில் சுகர் பவுலும் ஒரு கட்டமாகிவிட்டது. ஓர் அணியின் ரசிகர் வெல்ல வெல்ல மூன்று, நான்கு ஊர்களுக்கு அலைய வேண்டும். எத்தனை பேரால் முடியும்? விருந்தாளிக்காகத் தொடங்கிய ஆட்டம் தொலைக்காட்சிக்கான ஆட்டமாகச் சுருங்கிவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

பாபி கிரியர் 2024இல் காலமானார். அவர் தோற்றுப்போன அந்த 7-0 ஆட்டத்தில் வென்றவர்களின் பெயர்களை இன்று வெகுசிலரே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் அடுத்த சுகர் பவுலைத் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ பார்க்க நேர்ந்தால், புள்ளிப்பலகையைப் பார்க்கும் முன் பார்வையாளர் மாடங்களை ஒருமுறை பாருங்கள். யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த இருக்கைகள் அப்படிக் கலந்து நிரம்புவதற்கு ஒரு மாணவர் ஆட வேண்டியிருந்தது, ஒரு குத்துச்சண்டை வீரர் வழக்காட வேண்டியிருந்தது, 21 பேர் ஆட மறுக்கவும் வேண்டியிருந்தது.